முத்திரை இல்லாத கார்டு

பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெரு. ஒரு வீட்டின் கூடம். பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் துவைத்த துண்டு, துண்டின் மேல் ஒரு போஸ்ட் கார்டு, கையில் பூதக்கண்ணாடி. சுற்றிலும் யாரும் வாய் திறக்கவில்லை.

திறக்கக் கூடாது. நான் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது விதி. விதியை வகுத்தவனும் நான்தான், அதை மீறுகிறவர்களை முறைக்கிறவனும் நான்தான்.

கார்டில் மூன்றே வரி. 'மகளுக்கு வாகைமலர் என்று பெயர் வைக்கிறேன். நன்றாகப் படிக்க வை. வாழ்க.' கீழே ஒரு கிறுக்கல். அதுதான் தலைவர் கையெழுத்தாம். பூஜை அலமாரியில் சாமிப் படங்களுக்கு நடுவே சட்டம் போட்டு வைத்திருந்ததை எனக்காகக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கார்டின் ஓரமெல்லாம் சந்தன மஞ்சள் ஏறி, எடுத்ததுமே கற்பூர வாசனை அடித்தது.

கார்டைத் திருப்பினேன். முகவரி எழுத வேண்டிய பக்கம் காலி. தபால் முத்திரையும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு வந்தது.

அளவு பார்த்தே வளர்ந்த ஆள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கள்ளிக்குப்பத்துக்காரன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் குப்பை கொட்டினேன். மற்றவர்கள் வியர்வை வழியச் செய்து கொண்டுவரும் பொருளை, உட்கார்ந்த இடத்தில் அளந்து பார்த்து 'ரிஜெக்ட்' என்று சொல்வதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். நாட்டில் இதைவிடச் சுகமான வேலை விமர்சகர்களுக்கு மட்டும்தான் உண்டு.

அங்கே எங்கள் மேஜையில் ஒரு மர டப்பா இருக்கும். உள்ளே பஞ்சு வைத்து, எண்ணெய் தடவி, ஒரே ஒரு பீஸ். மாஸ்டர் பீஸ் என்போம். குறையே இல்லாத பீஸ். செய்து வருகிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் பாஸ். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு மை.

பார்க்கும்போது மெஷின்காரர்கள் பேசக் கூடாது என்பதும் அங்கே வந்த பழக்கம்தான். பேசவிட்டால் 'டூல் தேஞ்சிடுச்சு சார், கரன்ட் போயிடுச்சு சார்' என்று கதை சொல்வார்கள். கதை கேட்டால் மனசு இளகும். மனசு இளகினால் அளவு தப்பும். நான் தப்பே செய்யாதவன் என்று ஓய்வு பெற்ற அன்று மைக்கில் சொன்னார்கள். அதை நான் நம்பியும் தொலைத்தேன்.

ஒரு கடிதம் செய்த வேலை

இருபது வயசில் நான் ஒரு கதை எழுதினேன். ஓர் எருமை ஏரியில் இறங்கி, கரையேற மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் கதை. அதைத் தலைவர் நடத்திய பத்திரிகைக்கு அனுப்பினேன்.

எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இதழைக் கொளுத்துவீர்கள், மீதிப் பேர் எனக்குக் கட்-அவுட் வைப்பீர்கள். இரண்டையும் தாங்கும் வயசு எனக்கு இல்லை. மேடையில் பேசினால் கூட்டம் கட்டுண்டு நிற்கும், எழுதினால் இரண்டு மாவட்டம் அழும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை வெளிவரவில்லை. ஆனால் கடிதம் வந்தது. நீல மையில், முத்துக் கோத்தாற்போல எழுத்து. 'தம்பிக்கு, வணக்கம். எருமை கண்ணிலேயே நிற்கிறது. தொடர்ந்து எழுதுங்கள்.' நான் தொடர்ந்து எழுதவில்லை. தொடர்ந்து அந்தக் கடிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட சட்டைப் பையில் இருந்தது. 'பஜ்ஜி எடுத்துக்குங்க' என்று நீட்டிய தட்டை மாமனார் கையிலேயே நிறுத்திவிட்டு அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். என் மனைவி சரோஜா இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கடிதம் சேர்க்கும் கிறுக்கு அப்படித்தான் பிடித்தது. பழைய பேப்பர் கடை, இடித்த வீடு, கருமாதி முடிந்த வீடு என்று ஒன்றை விட்டதில்லை. தேசத்துக்காகச் சிறைக்குப் போன ஒரு பெரியவர் அங்கிருந்து எழுதிய நான்கு பக்கக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதில் விடுதலை பற்றி அரை வரி. மீதியெல்லாம் வீட்டில் போட்ட ஆவக்காய் ஊறுகாயை யார் தின்று தீர்த்தது என்ற விசாரணை. உலகமே கொண்டாடிய ஒரு கவிஞர் தன் பதிப்பாளருக்கு எழுதியதும் இருக்கிறது. அதை இங்கே எடுத்துப் போட்டால் ஆசிரியர் தொடரை நிறுத்திவிடுவார்.

எல்லாவற்றையும்விட அதிகம் சேர்ந்தது தலைவரின் கடிதங்கள்தான். என் பெட்டியில் நூற்றுச் சொச்சம். யார் எதைக் கொண்டுவந்தாலும் என் எருமைக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். முத்துக்கு முத்து ஒத்துப்போனால் பாஸ். அதுதான் என் மாஸ்டர் பீஸ்.

சுவரில் ஒரு பெயர்

போன மழைக்காலத்தில், அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்து, 'கைப்பட' என்ற பெயரில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. சரிபார்ப்புக் குழு ஒன்றும் அமைத்தேன். தலைவர், செயலாளர், உறுப்பினர் மூன்றும் நானே என்பதால் கருத்து வேறுபாடு வரவில்லை. 'உங்கள் வீட்டில் பெரியவர்கள் எழுதிய கடிதம் உண்டா?' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டேன். அதைப் பார்த்துத்தான் வாகைமலர் கூப்பிட்டார்.

ஐம்பது தாண்டியவர். திருமழிசையில் ஒரு பேக்கிங் யூனிட்டில் சூப்பர்வைசர். தலைவரே பெயர் வைத்த பெண் என்பதால் போனிலேயே குரல் நிமிர்ந்துதான் இருந்தது.

"எங்கப்பா கன்னியப்பன். சின்ன வயசுல அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டவரு சார். அப்பறம் ஒரு பாக்டரில லோடு ஏத்துனாரு. கட்சி மீட்டிங் எங்க நடந்தாலும் சேர் போடறது எங்கப்பாதான். ஒரு தபாகூட மேடை ஏத்துனதில்ல. இப்ப இடுப்பு ஒடஞ்சி படுத்துகினு கீறாரு. அவரு கண்ண மூடறதுக்குள்ள அந்தக் கார்டு ஒரு செவுத்துல தொங்கணும், கீழ அவரு பேரு இருக்கணும். அவ்ளோதான் சார்."

"மாட்டிடலாம்மா. ஆனா நான் பார்த்துச் சொல்லணும்" என்றேன். அந்த 'நான்' வெகு அழுத்தமாக வந்தது.

ஆக, அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான், வாகைமலர், மூலையில் இரும்புக் கட்டிலில் கன்னியப்பன். நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாகைமலர், "சார், அப்பா வந்து..." என்று ஆரம்பித்தார். உதட்டில் விரலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டிலில் இருந்து ஒரு இருமல். "அத்து வந்து சார், கார்ல..." என்று ஒரு குரல். தலையைத் தூக்காமலே கையைக் காட்டி நிறுத்தினேன்.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினேன். தலைவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும், இது கோழி கிண்டியது. அனுப்பிய கார்டு என்றால் முகவரி எங்கே, முத்திரை எங்கே? யாரோ உள்ளூர்க் கட்சிக்காரர் எழுதி உங்களை ஏமாற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் இது சகஜம்.

வாகைமலர் கார்டை வாங்கி முந்தானையில் துடைத்தார். "செரி சார்" என்றார். உள்ளே போய் டீ கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. நான் அதைக் கடைசிச் சொட்டு வரை ருசித்துக் குடித்தேன். கன்னியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், உண்மை தெரிந்த அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரோஜா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "அவங்க வீட்டு டீயையும் குடிச்சிட்டு, அவங்க வீட்டுப் பொருளைப் போலின்னும் சொல்லிட்டு வந்தீங்களா?"

"உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

"அதுக்கு டீக்கு முன்னாடியே கிளம்பியிருக்கலாம்."

ஏகாம்பரம் எழுதுகிறார்

கண்காட்சியைத் திறந்துவைக்க ஆள் வேண்டும். தலைவரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ஏகாம்பரம் என்பவர் பூந்தமல்லியில் இருப்பதாகத் தெரிந்தது. தலைவர் போன பிறகு அரசியலே வேண்டாம் என்று பேப்பர், பேனா கடை வைத்துப் பிழைத்தவர். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, புதன்கிழமை நான் பெட்டியோடு பஸ் ஏறினேன். அழைப்பிதழ் கொடுப்பது சாக்கு. தலைவரோடு இருந்தவர் என் சேகரிப்பைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

பிளந்தார். ஒவ்வொரு கடிதமாக எடுத்து முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"அடடா! எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கீங்களே!" என்றார். "நான் எழுதினதை ஒருத்தர் இப்படிச் சேர்த்து வெச்சிருப்பார்னு நான் கனவுலயும் நினைக்கல சார்."

"நீங்க... எழுதினதா?"

"பின்னே? தலைவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மூட்டை தபால் வரும். கையெழுத்து உட்பட எல்லாம் நான்தான். அவருக்குத் தெரிஞ்சுதான், அவர் சொல்லித்தான்."

நான் நம்பவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், பக்கத்தில் கிடந்த தினசரியின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் காட்டினார். 'தம்பிக்கு, வணக்கம்.' விரல் கொஞ்சம் நடுங்கியது. எழுத்து நடுங்கவில்லை. முத்துக்கு முத்து.

"இந்த எருமைக் கதைகூட ஞாபகம் இருக்கு" என்றார் என் மாஸ்டர் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு. "தலைவருக்குக் கதை படிக்க ஏது நேரம்? நான்தான் படிச்சேன். நல்லா இருந்துச்சு. கொஞ்சம் நீளம்."

ஆக, உலகத்திலேயே மிகப் பெரிய ஏகாம்பரம் சேகரிப்பு என்னிடம்தான் இருக்கிறது. பாதுகாக்கப் பீரோ வாங்கி, நாப்தலின் உருண்டை போட்டு, மழைக்காலத்தில் பல்பு எரித்து, பிள்ளை பெற்றவள் போலக் காத்தது எல்லாம் பூந்தமல்லிக் கடைக்காரர் கையெழுத்தை. கடைசி முயற்சியாகக் கேட்டேன். "அப்போ தலைவர் எழுத்து எப்படி இருக்கும்?"

"ஐயோ, அதை ஏன் கேக்கிறீங்க! கோழி கிண்டினாப்ல இருக்கும். அச்சுக் கோக்கிறவங்க அழுவாங்க."

"அவரே கையால எதுவும் எழுதினதில்லையா?"

"பேர் வைக்கிறது மட்டும்" என்றார் ஏகாம்பரம். "குழந்தைக்குப் பேர் கேட்டா அவரே எழுதுவார். அதுல என்னைக் கை வைக்கவே விட மாட்டார். போற வழியில குழந்தையைத் தூக்கிட்டு வந்து காரை மறிப்பாங்க. என் சட்டைப் பையில எப்பவும் நாலு கார்டு வெச்சிருப்பேன். ஒண்ணை உருவி, கார் பானெட் மேல வெச்சு எழுதி, அங்கேயே கையில குடுத்துடுவார். முத்திரை ஏது, அட்ரஸ் ஏது?"

அவர் வீட்டிலும் டீ கொடுத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை.

கராத்தே சான்றிதழ்

பூந்தமல்லியில் இருந்து நேராகப் பருத்திப்பட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மீன் பையோடு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் என் ஞாபகத்தில் வந்தது ஒன்றே ஒன்று: இத்தனை வருஷத்தில் கோழி கிண்டிய எழுத்தோடு வந்த எத்தனை பேரை நான் விரட்டியிருப்பேன்? சிலர் என் எதிரிலேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை இல்லை.

வாகைமலர் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கூடத்துச் சுவரில் அந்தச் சட்டம் தொங்கியது. உள்ளே கார்டு இல்லை. பேத்தியின் கராத்தே சான்றிதழ்.

"இன்னா சார், இன்னொரு தபா போலின்னு சொல்ட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஏகாம்பரம், முத்து எழுத்து, கார் பானெட் எதையும் விடவில்லை. என் நூற்றுச் சொச்சமும் வேறு ஆள் எழுதியது, அம்மா, உங்கள் ஒரு கார்டுதான் அசல் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"நாலு நாளா அப்பா சரியாச் சாப்பிடல, தெரிமா? சாமி அலமாரில இருந்து எடுத்துடுன்னாரு. நா பாத்தது இன்னா பெருசு, பெரியவங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்னாரு. ஐம்பது வருசம் பூசை பண்ணுன பொருளு சார் அது. ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஒண்ணுமில்லாமப் பண்ட்டீங்க."

நான் கட்டில் பக்கம் திரும்பினேன். கன்னியப்பன் தலையணைக்கு அடியில் கையை விட்டார். பிளாஸ்டிக் உறையில் போட்ட கார்டு வெளியே வந்தது.

"பூந்தமல்லி மீட்டிங்கு சார். இவளுக்கு ஒரு மாசம் இருக்கும். காரு பானட்டு மேல வெச்சி எய்தினாரு. சூடு தாங்காம கைய ஒதறிகினே எய்தினாரு. நா எதுர்லதான் நின்னுகினு இருந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா?"

கன்னியப்பன் சண்டைக்காரர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க கேக்கவே இல்லியே சார்."

இத்தனை வருஷம் காகிதத்தைக் கேட்டேன், மையைக் கேட்டேன், முத்திரையைக் கேட்டேன். கட்டிலில் படுத்திருந்த மனிதரைக் கேட்கத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கார்டை நீட்டினார். "மாட்டுங்க சார். மாட்டி இவகிட்ட காட்டுங்க. இவ போட்டா புடிச்சாந்து எனக்குக் காட்டுவா."

சாம்பார் வாசனையில்

ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை கூடத்தை விட்டுப் போகவில்லை. நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் சட்டத்தில் என் எருமைக் கடிதம் இருப்பதாக ஏற்பாடு. அதைக் கழற்றி, கைகழுவும் தொட்டிப் பக்கம் மாற்றினேன். முதல் இடத்தில் சந்தன மஞ்சள் ஏறிய கார்டு. ஏகாம்பரம் ரிப்பன் வெட்டிய கையோடு அதன் எதிரில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சட்டங்களுக்குக் கீழே ஒட்டும் விளக்கச் சீட்டுகளை எல்லாம் சனிக்கிழமை உட்கார்ந்து மாற்றி அச்சடித்திருந்தேன். 'தலைவர் சார்பில் எழுதியவர்: ஏகாம்பரம்' என்று நூற்றுச் சொச்சம் தடவை. வந்தவர்களில் பாதிப் பேர், அப்படியானால் இதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சரோஜா அவர்களை எல்லாம் என்னிடமே அனுப்பிவைத்தாள். அவளுக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

வாகைமலர் பதினொரு மணிக்கு வந்தார். பச்சைப் பட்டு, தலையில் கனகாம்பரம். நேராகக் கார்டின் எதிரில் போய் நின்றார். நான் ஓடிப்போய், "இந்த இடம் ஏன் வெச்சேன்னா அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

உதட்டில் விரலை வைத்தார். "பாக்கறப்ப பேசக் கூடாது சார்."

அவர் நிதானமாகப் படித்தார். 'தலைவர் தம் கையால் எழுதியது. பெற்றவர்: கன்னியப்பன், பருத்திப்பட்டு.' அப்புறம் பக்கத்துச் சட்டத்துக்குப் போனார். அடுத்ததுக்குப் போனார். தொட்டிப் பக்கம் போய் என் எருமைக் கடிதத்தையும் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கடிதாசி வாங்குன எல்லாருக்கும் பேருக்கு முன்னால 'திரு' போட்டுகீறீங்க. உங்க பேருக்கு நீங்களே 'திரு' போட்டுகினு கீறீங்க. எங்கப்பாவுக்கு இல்ல."

பார்த்தேன். இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டுமென்று விடாததுதான் அதைவிட அசிங்கம் என்று அப்புறம்தான் உறைத்தது. முப்பது வருஷ இன்ஸ்பெக்‌ஷன்காரன் செய்த பீஸை ஒரு பேக்கிங் சூப்பர்வைசர் ரிஜெக்ட் செய்துவிட்டார். செய்தது சரி.

அச்சடித்து மாற்ற நேரமில்லை. பையில் இருந்து பேனாவை எடுத்தேன். சட்டத்துக்குக் கீழே குனிந்து, சுவரோடு சுவராக அழுத்தி, 'கன்னியப்பன்' என்பதற்கு முன்னால் இருந்த சந்தில் 'திரு.' என்று எழுதினேன். கோடு இழுத்துக்கொண்டு, கோழி கிண்டியது போலத்தான் வந்தது.

வாகைமலர் அப்பாவுக்குக் காட்டப் போனில் படம் பிடித்தார். படத்தைப் பெரிதாக்கி அந்த எழுத்தைப் பார்த்தார்.

"இத்து உங்க கையெய்த்துதான சார்?"

"என் கைதாம்மா."

"ஆமா. எதுர்லியே நின்னு நா பாத்தேன்."